கொசுறும் பிழையும்

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்குச் செல்லும் சாலை அடிவாரத்தை அடைந்ததும் தன் போக்கை மாற்றிக்கொள்கிறது. அதுவரை வீடுகளுக்கும் கடைகளுக்கும் நடுவே ஓடிவந்த சாலை, அங்கிருந்து சேர்வராயன் மலையைச் சுற்றிச் சுற்றி ஏறத் தொடங்குகிறது. 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்தால், 1,500 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில் ஏற்காடு. மலையேறும் முன்பு வண்டியை நிறுத்தித் தேநீர் அருந்துவோரும், இறங்கி வந்தபின் தலைசுற்றல் நீங்குவதற்காகச் சற்று நேரம் நிற்போரும் அடிவாரத்துக் கடைகளில் கூடுவர். பலாப்பழம், கொய்யா, மிளகு, தேன், காப்பித்தூள் என மலைபடு பொருள்கள் அங்கே விற்பனைக்கு வருகின்றன. 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் சேலத்தின் ஆட்சியராக இருந்த காக்பர்ன் இம்மலையில் காப்பிப் பயிரை அறிமுகப்படுத்தினார். இன்று இம்மலைக்கு வந்து திரும்புவோர் பலருடைய பைகளிலும் காப்பித்தூள் பொட்டலம் ஒன்றேனும் இருக்கும்.

சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலையில் நானும் அத்தகைய கடை ஒன்றில் நின்றேன். கால் கிலோ மிளகு 200 ரூபாய்; அரைக் கிலோ காப்பித்தூள் 300 ரூபாய்; ஒரு புட்டி தேன் 250 ரூபாய். கடையில் வேலை பார்த்த இளம்பெண் மூன்று தொகையையும் துண்டுத்தாளில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிக் கூட்டி, 550 என்று சொன்னார். பின்னால் பத்துப் பேர் நின்றுகொண்டிருந்தனர். நான் கைப்பேசியில் அத்தொகையைச் செலுத்திவிட்டுப் பேருந்தில் ஏறிவிட்டேன். வீட்டில் பையைப் பிரித்தபோதுதான் அந்தத் துண்டுத்தாள் கண்ணில் பட்டது. தேர்வுத்தாள்களின் மதிப்பெண்களை ஆண்டுக்கணக்கில் கூட்டிப் பழகிய கண் அல்லவா! கூட்டுத்தொகை 750 என்பது ஒரு பார்வையிலேயே தெரிந்துவிட்டது. 200 ரூபாய் குறைவாகக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன்.

அடுத்த முறை அந்தப் பக்கம் போகும்போது கொடுத்துவிடலாம் என்று எண்ணினேன். அந்த எண்ணம் மிகவும் வசதியானது. கொடுக்கமாட்டேன் என்று சொல்லாமலேயே கொடுக்காமல் இருப்பதற்கு அது இடம் தருகிறது. 'அடுத்த முறை' வருவதற்குப் பதினொரு நாள்கள் ஆயின. அதற்குப் பிறகு நடந்ததைப் பின்னர்க் கூறுகிறேன். அந்தப் பதினொரு நாள்களில் என் மனத்துக்குள் நான் நடத்திய வழக்காடலே இக்கட்டுரைக்கு வித்து.

நம் ஊர்த்தெரு மளிகைக் கடையில் இத்தகைய பிழை நேர்ந்தால் சிக்கல் பெரிதன்று. கடைக்காரருக்கு நம்மைத் தெரியும். நம் வீட்டின் பெயரில் அவரிடம் ஒரு கடன் நோட்டும் இருக்கக்கூடும். மறுநாள் காலையில் தயிர் வாங்கச் செல்லும்போது, "அண்ணாச்சி, நேற்று என்னிடம் குறைவாக வாங்கிவிட்டீர்கள்" என்று சொன்னால் முடிந்தது. அங்கே நம் நேர்மையை நம் மனச்சான்று மட்டும் காப்பதில்லை. அறிமுகமும் அண்டை வீட்டாரின் பேச்சும் சேர்ந்து காக்கின்றன. அடிவாரம் அப்படிப்பட்ட இடமன்று. அங்கே விற்பவரும் வாங்குபவரும் ஒருமுறை பார்த்துக்கொள்கின்றனர். பிறகு ஒருவர் மலைக்கோ சமவெளிக்கோ போய்விடுகிறார். பெங்களூரிலிருந்து வந்தவர் தேனுக்கு எவ்வளவு கொடுத்தார் என்பதை எந்த அண்டை வீட்டாரும் கேட்கப்போவதில்லை. ஒரு மனிதரின் நேர்மையில் எவ்வளவு பங்கு அவருடையது, எவ்வளவு பங்கு ஊராருடையது என்பதைப் பிரித்துக் காட்டும் இடம் அது.

குறைவான விலைக்குக் கூடுதல் பொருள் கிடைப்பது நமக்குப் புதிதன்று. அதற்கு நம் சந்தை வழக்கில் 'கொசுறு' என்னும் அழகிய சொல் உண்டு. காய்கறி வாங்கினால் கறிவேப்பிலையும் கொத்துமல்லியும் கொசுறு. பூக்காரர் முழம் அளந்தபின் விரலிடை நீட்டி விடுவதும் ஒருவகைக் கொசுறே. அன்று என் பைக்குள் வந்த 200 ரூபாய் மிளகையும் கொசுறு என்று ஏன் கொள்ளலாகாது? இரண்டிலும் என் கைக்குக் கொடுத்த காசைவிடக் கூடுதலான பொருள் வந்திருக்கிறது. கொடுத்தவருக்கு அது தெரியுமா என்பதில்தான் வேறுபாடு இருக்கிறது. கறிவேப்பிலையைக் கிள்ளிப் போடுபவர் தாம் கொடுப்பதை அறிந்து கொடுக்கிறார். நாளையும் நாம் வரவேண்டும் என்ற கணக்கும் அதற்குள் இருக்கலாம். அந்தப் பெண் மிளகைக் கொடுக்கவில்லை. அது அவரிடமிருந்து நழுவியது. கொடுப்பவரின் மனம் கலவாத பொருளைக் கொசுறு என்று அழைப்பது அச்சொல்லுக்கே நாம் செய்யும் அநீதி.

பிழை அவருடையது, என்னுடையது அன்று என்பது நம் முதல் வாதம். இது பாதி உண்மை. கூட்டும்போது நேர்ந்த பிழை அவருடையது. அதை நான் அறிந்த நொடிக்குப் பிறகு பிழை என்ற பெயர் அதற்குப் பொருந்தாது. ஏனெனில் பிழைக்கு அறியாமை வேண்டும். வீட்டில் தாளைப் பார்க்கும் வரை நான் குற்றமற்றவன். பார்த்த பின்பு நடந்த ஒவ்வொரு நாளும் என் கணக்கில் ஏறியது.

இரண்டாம் வாதம் பழைய கணக்கைத் தீர்ப்பது. 'கடைக்காரர்கள் நம்மிடம் எத்தனை முறை கூடுதலாக வாங்கியிருப்பார்கள்! சுற்றுலாப் பயணி என்று தெரிந்தால் விலையை ஏற்றுவோர்தாமே?' என்று மனம் கேட்கும். எங்கோ ஒருவர் ஏமாற்றியதற்கு இங்கே ஒருவரிடம் ஈடு வசூலிக்கும் இந்த நீதியை, வேறு எந்த இடத்திலும் நாம் ஏற்கமாட்டோம். மேலும், கூடுதலாக வாங்கிய கடைக்காரரிடம் முறையிட நமக்கு வழி உண்டு. 1986ஆம் ஆண்டிலேயே நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வந்தது; 2019இல் அதற்கு மாற்றாகப் புதிய சட்டம் இயற்றப்பட்டது. பொட்டலத்தில் அச்சிட்ட விலைக்கு மேல் விற்றால் நடவடிக்கை எடுக்கச் சட்டமுறை எடையளவு அலுவலர்கள் இருக்கின்றனர். குறைவாக வாங்கிவிட்ட கடைக்காரருக்கு இத்தனை துணைகள் இல்லை. அவருடைய நுகர்வோர் நீதிமன்றம் நம் நெஞ்சுக்குள்தான் அமர வேண்டியிருக்கிறது.

சட்டம் முற்றிலும் வாய்மூடி இருக்கிறது என்றும் சொல்வதற்கில்லை. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், அதன் 72ஆம் பிரிவில், தவறுதலாகப் பணத்தையோ பொருளையோ பெற்றுக்கொண்டவர் அதைத் திருப்பிக் கொடுத்தாக வேண்டும் என்கிறது. 100 ரூபாய் கொடுத்ததற்கு 500 ரூபாய்க்குரிய மீதியை வாங்கிக்கொண்டு வந்தவருக்கு அது நேராகவே பொருந்தும். நாம் நல்லொழுக்கம் என்று பெருமையாகக் கருதும் செயல், சட்டத்தின் பார்வையில் வெறும் கடன். ஆனால் 200 ரூபாய்க்காக யாரும் வழக்குத் தொடுப்பதில்லை; தொடுப்பதற்கு யார்மீது என்றும் அவருக்குத் தெரியாது.

மூன்றாம் வாதம்தான் எனக்கு மிகவும் வலுவானதாகத் தோன்றியது. இன்றைக்கும் பலருக்கு அப்படியே தோன்றும். 'பெரிய அங்காடி, கோடிக்கணக்கில் விற்பனை. அதற்கு 200 ரூபாய் ஒரு பொருட்டா?' நகரத்துப் பேரங்காடியில் பட்டைக்குறியீட்டைப் படிக்கும் கருவி ஒரு பொருளைத் தவறவிட்டால், நம்மில் பலர் அதை நற்பேறு என்றே கருதுகிறோம். அந்த இழப்பு எங்கே போய்ச் சேர்கிறது என்று எண்ணிப் பார்ப்பதில்லை. பல கடைகளில், மாலையில் கல்லாவை எண்ணும்போது பணம் குறைந்தால், அதைக் கட்ட வேண்டியவர் முதலாளி அல்லர். அன்று கல்லாவில் அமர்ந்திருந்தவர். இது கடைக்காரர்கள் தாமாக வகுத்துக்கொண்ட வழக்கம் மட்டுமன்று. 1936ஆம் ஆண்டின் ஊதியம் வழங்கல் சட்டத்திலேயே, தாம் கணக்குக் காட்ட வேண்டிய பணத்தைத் தம் கவனக்குறைவால் இழந்த ஊழியரின் ஊதியத்தில் அதைப் பிடித்தம் செய்ய இடம் தரப்பட்டது. 'பெரிய நிறுவனம்' என்று நாம் சொல்லும்போது நம் கண்முன் நிற்பது கட்டடம். பணத்தை இழப்பவர், அக்கட்டடத்துக்குள் நாள் முழுவதும் நின்றுகொண்டே வேலை செய்யும் ஒருவர்.

அரசுப் பேருந்தில் நடத்துநர் பயணச்சீட்டின் பின்புறம் மீதித் தொகையை எழுதித் தருவதை நாம் அறிவோம். இறங்கும்போது அதை மறவாமல் கேட்டு வாங்குகிறோம். அது நம் உரிமை. அதே நடத்துநர் நெரிசலில் ஐம்பது ரூபாய்த் தாளைக் கூடுதலாகக் கொடுத்துவிட்டால் என்ன ஆகும்? பணிமனையில் அவர் கொடுத்த சீட்டுகளுக்குரிய தொகையைக் கட்டியாக வேண்டும். குறையும் ஐம்பது அவருடைய சட்டைப் பையிலிருந்துதான் போகும். சீட்டின் பின்புறத்தில் எழுதப்படாத மீதி அது.

சிறிய கடையாயின் நிலை இன்னும் கடினம். ஒரு கணக்கைப் போட்டுப் பாருங்கள். 100 ரூபாய்ப் பொருளை விற்றால் பத்து ரூபாய் இலாபம் என்று வைத்துக்கொள்வோம். கடைக்காரருக்கு 90 ரூபாய் அடக்கமான ஒரு பொருள் விலையின்றிப் போய்விட்டால், அந்த இழப்பை ஈடுகட்ட அவர் இன்னும் 900 ரூபாய்க்கு விற்க வேண்டும். அத்தனை விற்பனையும் அவருக்கு ஆதாயமாகாமல், பழைய ஓட்டையை அடைக்கவே போகும். 'சிறு தொகைதானே' என்பது வாங்குபவரின் அளவுகோல். அதைக் கொண்டு விற்பவரின் நாளை அளக்க இயலாது.

நம் இலக்கியங்கள் வணிகருக்கு நேர்மையை நிறையவே கூறியுள்ளன. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்து வணிகரின் நடுவுநிலை பிறழாத நெஞ்சைப் போற்றுகிறார். திருவள்ளுவரும் நடுவு நிலைமை அதிகாரத்தை வணிகருக்குரிய குறளோடுதான் முடிக்கிறார். எடைக்கல், தராசு, அளவை ஆகியவற்றைப் பற்றிய அறவுரைகளெல்லாம் விற்பவரை நோக்கியே பேசுகின்றன. அதற்குக் காரணம் உண்டு. தராசு விற்பவர் கையில் இருந்தது, ஏமாற்றும் வாய்ப்பும் அவருக்கே மிகுதி. வாங்குபவருக்குத் தனி அதிகாரம் எதுவும் எழுதப்படவில்லையே என்று நான் ஒருகால் எண்ணியதுண்டு. பிறர்பொருளை விரும்பாமையைக் கூறும் வெஃகாமையும், கள்ளாமையும் யாருக்கு எழுதப்பட்டன என்று கேட்டுக்கொண்டபோது அந்த எண்ணம் நிற்கவில்லை. கள்ளாமையை வள்ளுவர் துறவறவியலில் வைத்திருக்கிறார். துறவிக்கே நினைவூட்ட வேண்டிய அறம் அது என்றால், மிளகும் தேனும் சுமந்து பேருந்தில் ஏறும் இல்லறத்தானுக்கு அது எவ்வளவு வேண்டும்!

மக்கள் இயல்பாகவே நேர்மையற்றவர்கள் என்று சொல்வோரும் உளர். நான் அக்கட்சியைச் சேர்ந்தவன் அல்லன். 2019ஆம் ஆண்டு 'சயின்ஸ்' என்னும் ஆய்விதழில் வெளியான ஓர் ஆய்வு இவ்வகையில் குறிப்பிடத்தக்கது. 40 நாடுகளைச் சேர்ந்த 355 நகரங்களில், 17,000க்கும் மேற்பட்ட பணப்பைகளை, 'சாலையில் கிடந்தது' என்று கூறி, வங்கி, விடுதி, அஞ்சலகம் முதலிய இடங்களின் வரவேற்பாளர்களிடம் ஆய்வாளர்கள் ஒப்படைத்தனர். உரியவரின் முகவரியட்டையும், கடையில் வாங்க வேண்டிய பொருள்களின் பட்டியலும், ஒரு சாவியும் அப்பைகளில் இருந்தன. சில பைகளில் பணமில்லை, சிலவற்றில் பணமிருந்தது. பணமில்லாத பைகளில் ஏறத்தாழ 40 விழுக்காட்டுக்கே உரியவரைத் தேடித் தகவல் வந்தது. பணமிருந்த பைகளில் அது 51 விழுக்காடு. மூன்று நாடுகளில் பணத்தை ஏழு மடங்காக்கிப் பார்த்தபோது, திருப்பித் தர முன்வந்தோர் 72 விழுக்காடாக உயர்ந்தனர்.

தொகை கூடக் கூட ஆசை கூடும் என்றுதான் பொருளியலறிஞர்களும் எதிர்பார்த்தனர். நடந்தது மாறானது. பெருந்தொகையை வைத்துக்கொள்பவருக்குத் தாம் திருடர் என்று தோன்றிவிடுகிறது. அந்தத் தோற்றத்தைத் தாங்க அவர்களால் இயலவில்லை என்பது ஆய்வாளர்கள் தந்த விளக்கங்களுள் ஒன்று. இதை அப்படியே திருப்பிப் பார்த்தால் நம் சிக்கல் விளங்கும். 20,000 ரூபாய் கூடுதலாக வந்திருந்தால் அன்றிரவே அடிவாரத்துக்கு ஓடியிருப்பேன். 200 ரூபாய் என்னைத் திருடனாகக் காட்டவில்லை. அதனால்தான் பதினொரு நாள்கள் நிம்மதியாகத் தூங்கினேன். அந்த ஆய்வில் இன்னொரு நுட்பமும் உண்டு. சாவி இல்லாத பைகளைவிடச் சாவி இருந்த பைகள் மிகுதியாகத் திரும்பின. சாவியால் எடுத்தவருக்குப் பயனில்லை. இழந்தவருக்கோ அது வீட்டுக்கதவு. ஒரு சிறு பொருள், மறுபக்கத்தில் ஒரு மனிதர் இருப்பதை நினைவுபடுத்திவிடுகிறது.

இத்தலைப்பில் பேசுவோர் தவறாமல் ஆபிரகாம் லிங்கனை அழைத்து வருவர். கடைச்சிப்பந்தியாக இருந்தபோது, சில காசுகள் கூடுதலாக வாங்கிவிட்டதை உணர்ந்து, நெடுந்தொலைவு நடந்து சென்று அதைத் திருப்பிக் கொடுத்தார் என்று அவருடைய வாழ்க்கை வரலாறுகள் கூறும். அந்த ஊரின் பெயர் நியூ சேலம் என்பது நம் மாவட்டத்துக்காரர்களுக்குச் சிறு மகிழ்ச்சி. நடந்த கதை நயமானது. ஆனால் எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது அதே ஊரில் நடந்த வேறொன்று. லிங்கன் கூட்டாக நடத்திய கடை நொடித்தது; 1835இல் கூட்டாளியும் இறந்தார். கூட்டாளியின் பங்குக் கடனையும் தம் தலைமேல் ஏற்று, பல ஆண்டுகள் உழைத்து அவர் அடைத்தார். ஒருநாள் மாலை நடை எளிது. பல ஆண்டுக் கடன் அவ்வளவு எளிதன்று.

தஞ்சாவூர் மாவட்டத்துப் பாபநாசத்தில் காந்தியடிகளின் பிறந்தநாளையொட்டி ஆளில்லாக் கடை நடத்தப்படுவதைச் செய்தித்தாள்களில் படித்திருப்பீர்கள். நம் பள்ளிகள் சிலவற்றிலும் விற்பவரில்லாமல் எழுதுபொருள்களை வைத்து, விலையைப் பெட்டியில் போடச் செய்கின்றனர். நன்முயற்சிகள்தாம். எனினும், அங்கே நுழையும்போதே இது நம் நேர்மைக்கு வைக்கப்பட்ட தேர்வு என்று நமக்குத் தெரிந்துவிடுகிறது. முன்னறிவிப்புள்ள தேர்வில் யாரும் ஓரளவு எழுதிவிடுவர். அடிவாரத்துக் கடையில் யாரும் தேர்வு வைக்கவில்லை.

எல்லாக் குறைவிலையையும் பிழை என்று கருதி நாம் அல்லற்பட வேண்டியதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். கடையில் எழுதித் தொங்கவிட்ட விலை கடைக்காரரின் வாக்கு. அவர் 80 என்று எழுதி வைத்துவிட்டு, நாம் வாங்கியபின் 'சந்தையில் 100 அல்லவா' என்று நாமே சென்று கூடுதலாகத் தர வேண்டிய கடமை இல்லை. பேரம் பேசிக் குறைத்ததும் அவ்வாறே. இருவரும் அறிந்தே உடன்பட்டனர். பில்லின் அடியில் பிழைகளுக்கும் விடுபாடுகளுக்கும் உட்பட்டது என்னும் பொருளில் 'ஈ அண்டு ஓ ஈ' என்று சுருக்கமாக அச்சிட்டிருப்பார்கள். கூட்டலில் தவறினால் அதைத் திருத்தும் உரிமை இருவருக்கும் உண்டு என்பதே அதன் கருத்து. அதைப் பெரும்பாலும் வாங்குபவர்தாம் பயன்படுத்துகிறோம்.

2016இல் யுபிஐ பணப்பரிமாற்றம் வந்தபின் பிழையின் இடமும் மாறிவிட்டது. முன்பு கடைக்காரர் மீதியைத் தவறாக எண்ணினார். இப்போது தொகையை அழுத்துவது நம் விரல். 550க்கு 55 என்று அழுத்தினாலும் கடையிலுள்ள ஒலிப்பெட்டி பணம் வந்துவிட்டதை அறிவித்துவிடும். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்திலும் பேருந்துகளின் ஒலிப்பானிலும் அந்தக் குரலை யார் முழுமையாகக் கேட்கின்றனர்? ஆனால் அதே கருவி தொலைவு என்னும் சாக்கை இல்லாமற் செய்துவிட்டது. முன்பு இரண்டு ரூபாயைத் திருப்பித் தர இருபது ரூபாய் பேருந்துக் கட்டணமா என்று கேட்கலாம். அக்கேள்வியில் ஞாயமும் இருந்தது. என் கைப்பேசியில் அந்தக் கடையின் பெயர் அன்றிரவே இருந்தது. உட்கார்ந்த இடத்திலிருந்து அரை நிமிடத்தில் 200 ரூபாயை அனுப்பியிருக்கலாம். நான் அனுப்பவில்லை.

பன்னிரண்டாம் நாள் அக்கடைக்குச் சென்றேன். அதே பெண் காப்பித்தூளை நிறுத்துக்கொண்டிருந்தார். துண்டுத்தாளைக் காட்டினேன். அவர் அதைப் பார்த்தவுடனே, "அன்னைக்கு ராத்திரியே பொட்டலத்தை எண்ணிப் பார்த்துட்டாங்க சார். ஒரு பொட்டலம் மிளகுக்குக் காசு வரலைன்னு என் கூலியில பிடிச்சுட்டாங்க" என்றார். குரலில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை. நான் நீட்டிய பணத்தை உள்ளிருந்து வந்த கடைக்காரர் வாங்கிக் கல்லாவில் போட்டார், நன்றி சொன்னார், என்னைப் போன்றவர்கள் இக்காலத்தில் அரியவர்கள் என்றும் சொன்னார். அந்தப் பாராட்டைக் கேட்டுக்கொண்டே திரும்பி வந்திருந்தால், பணம் இரண்டாம் முறையாகத் தவறான கைக்குப் போயிருக்கும். "அது இந்தப் பெண்ணுக்குச் சேர வேண்டியது அல்லவா, அண்ணே?" என்று கேட்டேன். அவர் சிறிது தயங்கினார். பிறகு குறிப்பேட்டைப் புரட்டி, அந்த நாளைத் தேடி, ஒரு வரியை அடித்துவிட்டு, கல்லாவிலிருந்து 200 ரூபாயை எடுத்து அவரிடம் கொடுத்தார்.

அந்தப் பெண் தாளை நான்காக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். "போன வாரமே வந்திருந்தா தம்பிக்குப் பரீட்சைக் கட்டணம் கட்டியிருப்பேன் சார். பரவாயில்லீங்க, வேறொருத்தர்கிட்ட வாங்கிக் கட்டிட்டேன்" என்று சொல்லிவிட்டு, அடுத்து நின்றவருக்குத் தேன் புட்டியை எடுக்கத் திரும்பினார். இப்போது அவர் பக்கத்தில் ஒரு கணிப்பான் இருந்தது. ஒவ்வொருவருக்கும் இரண்டுமுறை கூட்டிப் பார்த்தார். வரிசையில் நின்றவர்கள் நேரமாகிறது என்று முணுமுணுத்தனர்.